கமர்ஷியல் எடுத்தால் பறக்கும் செலவு திரும்பி வருமா?

வாசகர் டாலஸ் பக்கம் வசிக்கிறார். வயது 41, மென்பொருள் வேலை, மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் ஆகிறது. கூலி வாங்காமல் சொந்தத்துக்குப் பறப்பதற்கான பிரைவேட் பைலட் சான்றிதழ் வாங்கி நான்கு வருடம். லாக்புக்கில் பறந்த கணக்கு 182 மணி நேரம். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இல்லை. ஒரு பறக்கும் கிளப்பில் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தை எரிபொருள் சேர்த்து மணிக்கு 170 டாலருக்கு எடுத்து ஓட்டுகிறார். இன்ஸ்ட்ரக்டர் உடன் வந்தால் மேலும் 65.

"இவ்வளவு பணம் காற்றில் போகிறதே என்று மனைவி கேட்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, கூலிக்கு விமானம் ஓட்டத் தேவையான கமர்ஷியல் பைலட் சான்றிதழ். அது கைக்கு வந்துவிட்டால் தமிழ் நண்பர்களை ஹூஸ்டன், ஆஸ்டின் என்று காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகலாம். மனை விற்கும் நண்பர் ஒருவர் மேலிருந்து படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அலுவலகத்தில் ஆள்குறைப்புப் பேச்சு வேறு. ஒரேயடியாக ஏர்லைனுக்கே போய்விட்டால் என்ன என்றும் ஓர் எண்ணம். இதற்கு ஒத்திகை மாதிரி, சில மாதங்களுக்கு முன் வாட்ஸப் குழுவில் "ஹூஸ்டன் போய்வர இரண்டு சீட், ஆளுக்கு 300" என்று போட்டு, ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டிய இருவரைக் கூட்டிப்போய் வந்திருக்கிறார். அவர்கள் மண்டபத்துக்குப் போய்வரும் வரை இவர் விமான நிலையத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்தாராம்.

கடைசியில், தயக்கத்தோடு ஒரு பத்தி. மூன்று வருடத்துக்கு முன் மனச்சோர்வுக்கு எட்டு மாதம் மாத்திரை எடுத்திருக்கிறார். அந்த மாதங்களில் பறக்கவில்லை. இப்போது மாத்திரை இல்லை, நன்றாக இருக்கிறார். பறக்கத் தேவையான மருத்துவச் சான்றிதழான மெடிக்கல், 37 வயதில் வாங்கிய மூன்றாம் வகுப்பு, இன்னும் காலாவதியாகவில்லை. "அடுத்த படிவத்தில் இதை எழுதினால் எல்லாம் போச்சு, எழுதாதே என்கிறார்கள் கிளப்பில். என்ன செய்ய?"

அன்புள்ள நண்பருக்கு,

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கமர்ஷியல் எடுங்கள். ஆனால் கடிதத்தில் எழுதியிருக்கும் காரணத்துக்காக வேண்டாம். நண்பர்களை ஏற்றிப்போய்ப் பணம் வாங்க அந்தச் சான்றிதழ் உங்களுக்கு அனுமதி தராது. அனுமதி தரும் என்று நம்பி, செலவெல்லாம் செய்து முடித்துவிட்டு, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ-விடமிருந்து கடிதம் வந்தபிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விமானச் சட்டம் என் தொழில். வார இறுதியில் பறப்பவளும்கூட. கமர்ஷியல் எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. அதை வைத்து இதுவரை ஒரு டாலர் சம்பாதித்ததில்லை, எடுத்ததற்கு வருந்தியதும் இல்லை. அது ஏன் என்று பின்னால் வருகிறேன். அவசரமானது முதலில்.

ஹூஸ்டன் கணக்கு

போக இரண்டு மணி, வர இரண்டு மணி என்றால் வாடகை 680 டாலர். விமானத்தில் உங்களையும் சேர்த்து மூன்று பேர். செலவைப் பங்குபோட்டுக்கொள்ளப் பிரைவேட் பைலட்டுக்கு 61.113-ஆம் விதி இடம் கொடுக்கிறது. எரிபொருள், ஆயில், விமான நிலையக் கட்டணம், வாடகை, இந்த நான்கை மட்டும் பங்கிடலாம். அதில் விமானியின் பங்கு சமபங்குக்குக் குறையக் கூடாது. 680-ஐ மூன்றால் வகுத்தால் ஆளுக்குச் சுமார் 227. நீங்கள் அவர்களிடம் 600 வாங்கிக்கொண்டு கையிலிருந்து 80 போட்டிருக்கிறீர்கள். "ஒரு சென்ட் லாபம் பார்க்கவில்லை" என்று அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் விதி லாபத்தைப் பற்றிப் பேசவே இல்லை. உங்கள் பங்கில் 147 டாலரை அவர்கள் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் அது பார்க்கும்.

சரி, ஆளுக்கு 227 மட்டும் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பீர்களா? அப்போதும் சிக்கல்தான். செலவைப் பகிர வேண்டுமானால் பயணத்துக்குப் பொது நோக்கம் வேண்டும், அதாவது ஹூஸ்டனில் உங்களுக்கும் ஏதோ ஒரு வேலை இருந்திருக்க வேண்டும். கல்யாணம் அவர்களுடையது, நீங்கள் டாக்சி ஓட்டுநர் மாதிரி வெளியே காத்திருந்திருக்கிறீர்கள். பறக்கும் மணி நேரம் இலவசமாகக் கிடைப்பதையே எஃப்ஏஏ ஒரு கூலியாகப் பார்ப்பது உண்டு. இதற்கெல்லாம் மேலே அந்த வாட்ஸப் பதிவு. "சீட் இருக்கிறது, வருகிறவர்கள் வரலாம்" என்று பொதுவில் அறிவிப்பதுதான் பொதுப் போக்குவரத்துச் சேவையின் முதல் அடையாளம். பயணிகளையும் பிரைவேட் பைலட்டுகளையும் சேர்த்துவைக்க ஃப்ளைட்நவ் என்று ஓர் இணையதளம் இருந்தது. பங்கு மட்டும்தான் வாங்குகிறோம் என்பது அவர்கள் வாதம். 2015 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்காமல் எஃப்ஏஏ பக்கம் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2017-இல் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. 80 பேர் இருக்கும் வாட்ஸப் குழு இணையதளம் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழக்கில் உங்கள் பெயர் இருக்க வேண்டாம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, விதி ஏன் இருக்கிறது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். 2019 ஜனவரி 21 இரவு, கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவை பிரான்சின் நாந்த் நகரிலிருந்து கார்டிஃபுக்கு ஏற்றிச் சென்ற பைப்பர் மாலிபு கடலில் விழுந்தது. அமெரிக்காவில் பதிவான விமானம். ஓட்டியவரிடம் இருந்தது பிரைவேட் உரிமம்தான். இரவில் பறக்கத் தகுதியும் இல்லை. விமானத்துக்குள் கார்பன் மோனாக்சைடு கசிந்திருந்ததும் விசாரணையில் தெரிந்தது. இருவரும் இறந்தார்கள். அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-இல் 18 மாதச் சிறை. அந்த விமானிக்கும் முதன்முதலில் காசு வாங்கிப் பறந்த நாள் என்று ஒன்று இருந்திருக்கும், அன்றைக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கும்.

உங்கள் விஷயத்தில் இனிச் செய்ய வேண்டியது: இன்னொரு முறை வேண்டாம். பழைய பதிவை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று அதில் நேரம் செலவழிக்காதீர்கள். யாராவது அதிகாரி தொலைபேசியில் "சும்மா விசாரிக்கிறேன்" என்றால், வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் பதில் சொல்லுங்கள். தெரியாமல் செய்த தவறுகளை நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறையில் பத்து நாளுக்குள் எழுதிக்கொடுத்தால் தண்டனையிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. உங்களுக்கு அந்தப் பத்து நாள் எப்போது தொடங்குகிறது என்பதே வாதத்துக்குரியது, அதையும் அந்த வழக்கறிஞரிடமே கேளுங்கள். கிளப்பின் காப்பீட்டுப் பத்திரத்தையும் உங்கள் ஆயுள் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். முன்னதில் கூலிக்குப் பறப்பதற்குப் பாதுகாப்பு இருக்காது என்று அநேகமாக எழுதியிருக்கும். பின்னதில் சொந்தமாக விமானம் ஓட்டுவதையே விலக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். மனைவியின் கேள்விகளில் பாதிக்கு அங்கே பதில் இருக்கும்.

விமானம் யாருடையது, விமானி யாருடைய ஆள்?

கமர்ஷியல் சான்றிதழ் உங்கள் உழைப்பை விற்க அனுமதி தருகிறது. பயணச் சேவையை விற்க அனுமதி தருவதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் எளிய சோதனை இது: விமானமும் விமானியும் ஒரே கையிலிருந்து வருகிறதா? பக்கத்து வீட்டுக்காரரிடம் சொந்தமாக ஒரு பொனான்சா விமானம் இருக்கிறது, அவருக்கு ஓட்டத் தெரியாது அல்லது ஓட்ட முடியவில்லை, "என் விமானத்தை ஓட்டிக்கொண்டு வா, நாளைக்கு இவ்வளவு தருகிறேன்" என்கிறார். கமர்ஷியல் இருந்தால் தாராளமாகப் போகலாம். விமானம் அவருடையது, பயணம் அவருடையது, பொறுப்பும் அவருடையது. நீங்கள் கூலிக்கு வந்த ஓட்டுநர். ஆனால் கிளப் விமானத்தை நீங்களே வாடகைக்கு எடுத்து, நீங்களே ஓட்டி, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அது விமான நிறுவனம் நடத்துவது. அதற்கு எஃப்ஏஏ விதிகளின் பார்ட் 135-இன் கீழ் தனி நிறுவனச் சான்றிதழ் வேண்டும். கையேடுகள், பராமரிப்புத் திட்டம், போதைப்பொருள் சோதனை ஏற்பாடு என்று அது வேறு உலகம். அப்படி ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும், தெளிந்த வானிலையில் விமானத்தலைவராகப் போகவே 500 மணி நேரம் வேண்டும். மேகத்துக்குள் இன்ஸ்ட்ருமென்ட் விதிகளில் போக 1,200.

நிறுவனச் சான்றிதழ் இல்லாமல் செய்யக்கூடிய வேலைகள் சில உண்டு: பறக்கச் சொல்லிக்கொடுப்பது, பயிருக்கு மருந்து தெளிப்பது, விளம்பரப் பதாகை இழுப்பது, குழாய்ப் பாதையும் மின்கம்பியும் கண்காணிப்பது, வான்படம் எடுப்பது. புறப்பட்ட இடத்திலேயே இறங்கும், 25 மைலுக்குள் சுற்றும் பார்வைப் பயணங்களும் உண்டு. அதற்கு முன்கூட்டியே எஃப்ஏஏ-விடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும்.

மனை விற்கும் நண்பரின் படங்கள் இந்தப் பட்டியலில் வருவதால் உங்களுக்கு ஒரு கணம் சந்தோஷம் வந்திருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள், கால் ஏக்கர் மனையைப் படம் எடுக்க 172 எதற்கு? கூலிக்கு ட்ரோன் பறக்கவிடத் தனிச் சான்றிதழ் வேண்டும். இன்ஸ்ட்ரக்டரோடு செய்யும் மறுஆய்வான ஃப்ளைட் ரிவ்யூ நடப்பில் இருக்கும் பிரைவேட் பைலட்டுக்கு எஃப்ஏஏ-வின் இலவச இணையப் பாடம் ஒன்றை முடித்தாலே அது கிடைக்கும். ஒரு சனிக்கிழமை வேலை. உங்கள் கடிதத்தில் இருக்கும் சம்பாத்திய யோசனைகளில் நாளைக்கே நடக்கக்கூடியது இது ஒன்றுதான், அதற்குக் கமர்ஷியல் தேவையே இல்லை.

மெடிக்கல்

இதில் கிளப் நண்பர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். படிவத்தின் கேள்வி "இப்போது இருக்கிறதா" என்று கேட்கவில்லை. வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு, பதற்றம் முதலியன இருந்ததா என்று கேட்கிறது. தெரிந்தே "இல்லை" என்று குறிப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சோர்வு வந்ததற்காக ஒருவரும் எல்லாச் சான்றிதழையும் மொத்தமாக இழப்பதில்லை. பொய் எழுதி இழந்தவர்கள் உண்டு.

"எழுதினால் எல்லாம் போச்சு" என்பதும் சரியில்லை. குறிப்பிட்ட சில மனச்சோர்வு மருந்துகளை எடுத்துக்கொண்டே பறக்க 2010-இலிருந்து வழி இருக்கிறது. மருந்தை எப்போதோ நிறுத்தி நலமாக இருக்கும் உங்களுக்கு நிலைமை இன்னும் இலகு. மாத்திரை எடுத்த எட்டு மாதமும் நீங்களாகவே பறக்காமல் இருந்தீர்கள் பாருங்கள், சட்டம் எதிர்பார்ப்பது அதைத்தான். அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் வரிசை முக்கியம். இணையத்தில் படிவத்தை நிரப்பிக்கொண்டு நேரே விமான மருத்துவரிடம் போய் நிற்காதீர்கள். அவர் அந்த விண்ணப்பத்தைக் கணினியில் திறந்துவிட்டால் பின்வாங்க முடியாது. கொடுக்க வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது எஃப்ஏஏ-வுக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ளிவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். முதலில் வெறும் ஆலோசனைக்கு மட்டும் நேரம் வாங்குங்கள். "இது பரிசோதனை இல்லை, விண்ணப்பமும் இல்லை, பேச மட்டும் வருகிறேன்" என்று சொல்லியே வாங்குங்கள். மனநல வழக்குகளில் பழக்கமுள்ள விமான மருத்துவராகத் தேடிப் பிடியுங்கள். உங்களுக்கு வைத்தியம் பார்த்தவரின் குறிப்புகளைக் கையோடு கொண்டுபோங்கள். என்னென்ன கடிதம் தேவை என்று அவர் சொல்வார். எல்லாம் சேர்ந்தபிறகு படிவம்.

இதில் தோற்றால் என்ன இழப்பு என்றும் கேட்டிருக்கிறீர்கள். பொழுதுபோக்குக்குப் பறக்க 2017-இல் வந்த பேசிக்மெட் என்ற எளிய வழி இருக்கிறது, சாதாரண மருத்துவரிடமே முடித்துக்கொள்ளலாம். ஆனால் கடைசியாகப் போட்ட மெடிக்கல் விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தால் அந்தக் கதவும் மூடிவிடும். அவசரப்பட்டு விண்ணப்பிக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு தகவல், உங்கள் திட்டத்தையே மாற்றக்கூடியது. கூலிக்கு விமானம் ஓட்ட இரண்டாம் வகுப்பு மெடிக்கல் வேண்டும், வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் கமர்ஷியல் பறப்புத் தேர்வுக்கு மூன்றாம் வகுப்பே போதும். பயிற்றுநராகச் சம்பளம் வாங்கவும் மூன்றாம் வகுப்போ பேசிக்மெட்டோ போதும். பயிற்றுநர் வாங்குவது சொல்லிக்கொடுப்பதற்கான கூலி, ஓட்டுவதற்கானது அல்ல என்பது எஃப்ஏஏ-வின் பார்வை. ஆக, பறப்பதில் கொஞ்சம் பணம் திரும்பி வர வேண்டும் என்றால் உங்களுக்கு இருக்கும் நேர்வழி சிஎஃப்ஐ, அதாவது பயிற்றுநர் சான்றிதழ். அதற்குக் கமர்ஷியலும் வேண்டும், இன்ஸ்ட்ருமென்ட்டும் வேண்டும். சனி, ஞாயிறு நான்கு மாணவர்களை வைத்துக்கொண்டால் உங்கள் 172 வாடகை ஓரளவு ஈடாகும். பணக்காரர் ஆக மாட்டீர்கள். நீங்கள் தரும் 65 டாலரிலும் பள்ளி தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் இன்ஸ்ட்ரக்டருக்குத் தருகிறது.

மீதி 68 மணி நேரம்

கமர்ஷியலுக்குத் தேவையான 250 மணி நேரத்துக்கு இன்னும் 68 வேண்டும். உங்கள் வாடகையில் 11,560 டாலர். இன்ஸ்ட்ரக்டரும் தேர்வாளர் கட்டணமும் தனி. "எப்படியும் பறக்கத்தானே போகிறேன், 250 தானாக வந்துவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வரும். ஆனால் வெறுமனே ஞாயிற்றுக்கிழமை காப்பிக்காகப் பறந்து சேர்த்த 68 மணியும், திட்டம் போட்டுச் சேர்த்த 68 மணியும் ஒன்றல்ல.

இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை முதலில் எடுங்கள். அதற்கு 40 மணி நேர இன்ஸ்ட்ருமென்ட் பறப்பு வேண்டும். அதில் 15 மணியாவது அதற்கென்று தகுதி பெற்ற இன்ஸ்ட்ரக்டருடன். மீதியில் பெரும்பகுதியை வெளியே பார்த்துக்கொள்ள சேஃப்டி பைலட்டாக ஒரு நண்பரை உட்காரவைத்து, கருவிகள் மட்டும் தெரியும்படி கண்மறைப்பு மாட்டிக்கொண்டு பறந்தே சேர்க்கலாம், செலவு குறையும். விமானத்தலைவராக 50 மணி நேரத் தொலைப்பறப்பும், அதாவது வெளியூர்ப் பயணமும், வேண்டும். உங்களிடம் 34 இருப்பதாகச் சொல்கிறீர்கள். கமர்ஷியலும் அதே 50-ஐக் கேட்கிறது, ஒரே மணி நேரம் இரண்டு கணக்கிலும் ஏறும். இன்ஸ்ட்ருமென்ட் இல்லாமல் கமர்ஷியல் எடுத்தால், கூலிக்குப் பயணிகளை இரவில் ஏற்றக் கூடாது, 50 கடல் மைலுக்கு மேல் கூட்டிப்போகக் கூடாது என்று சான்றிதழிலேயே எழுதிவிடுவார்கள். அதைவிட முக்கியம், மேகம் தாழ்ந்த ஒரு மாலையில் பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது உங்களைக் காப்பாற்றக் கூடியது அந்த ரேட்டிங்தான். காப்பீட்டுக்காரரும் அதைத்தான் கேட்பார்.

நீங்கள் இன்னும் குடிமகன் ஆகாததால், இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சி தொடங்கும் முன் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏ-வின் பாதுகாப்புச் சரிபார்ப்பு வேண்டும். கிரீன் கார்டு இருந்தாலும் வேண்டும். பிரைவேட்டுக்கு ஒருமுறை செய்த அனுபவம் இருக்கும். பள்ளியோடு பேசி அதை முதலிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

அப்புறம், எல்லாரும் சறுக்கும் ஓர் இடம். கமர்ஷியலுக்கு ஒரு நீண்ட தனிப் பயணம் உண்டு: மொத்தம் 300 கடல் மைல், மூன்று இடங்களில் இறங்க வேண்டும், அதில் ஓர் இடம் புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 கடல் மைலாவது தள்ளி இருக்க வேண்டும். டாலஸிலிருந்து அமரில்லோ போய்வந்தால் தூரம் சரியாகவே இருக்கும். ஆனால் அதைத் தனியாகப் பறக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஸ்ட்ரக்டரோடு. "எப்படியும் போகிறோம், குடும்பத்தையும் ஏற்றிக்கொள்வோம்" என்று கூட்டிப்போனால் அந்தப் பயணம் கணக்கில் சேராது. தேர்வு நாளன்று லாக்புக்கைப் புரட்டும்போது இது தெரியவந்து வீட்டுக்குத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

மடக்குச் சக்கர விமானத்தில் 10 மணி நேரம் வேண்டும், டாலஸ் பக்கம் எங்கும் வாடகைக்குக் கிடைக்கவில்லை என்று புலம்பியிருக்கிறீர்கள். அது பழைய விதி. 2018-இலிருந்து மின்னணுத் திரைகளும் நகரும் வரைபடமும் இரண்டு அச்சு ஆட்டோபைலட்டும் உள்ள விமானம் அந்த 10 மணி நேரத்துக்குப் போதும். ஜி1000 என்ற மின்னணுத் திரைத் தொகுதியைப் பொருத்தி, அப்படியோர் ஆட்டோபைலட்டும் உள்ள 172 உங்கள் கிளப்பிலேயே இருக்கலாம், விசாரியுங்கள்.

ஏர்லைன்

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்திலும் இதற்கு நாலு வரிதான். 41 வயது தாமதம் இல்லை. 65 வரை ஓட்டலாம். 250-க்கும் ஏர்லைன் கேட்கும் 1,500 மணி நேரத்துக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தாக்கைப் பெரும்பாலோர் பயிற்றுநராகவே கடக்கிறார்கள். வார இறுதியில் மட்டும் சொல்லிக்கொடுத்தால் அதற்குப் பல வருடம் ஆகும். முழுநேரமாகச் செய்ய வேண்டுமென்றால் இப்போதைய சம்பளத்தை விட வேண்டும். 2009-இல் பஃபலோ அருகே ஒரு பிராந்திய விமானம் விழுந்து 50 பேர் இறந்தபிறகு வந்த சட்டம்தான் அந்த 1,500. அந்த விமானத்தின் இரண்டு விமானிகளுக்குமே 1,500-ஐத் தாண்டிய அனுபவம் இருந்தது என்பது வேறு கதை. ஏர்லைனில் எல்லாம் சேர்ந்த தேதியின் வரிசைப்படிதான், ஆள்குறைப்பு உள்பட. ஆள்குறைப்புக்குப் பயந்து மென்பொருளைவிட்டு ஓடுகிறவர் ஓடி ஒளிய ஏற்ற இடம் அது இல்லை. கேப்டனுக்கு முதல் வகுப்பு மெடிக்கல், 40 தாண்டியவர் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. விமான மருத்துவரோடு அந்த ஆலோசனை முடியும் வரை இந்த யோசனையைத் தள்ளி வையுங்கள்.

அப்படியென்றால் எதற்காக எடுக்கச் சொல்கிறேன்?

182 மணி நேரத்தில் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். விமானத்தைப் பத்திரமாக ஏற்றி இறக்கத் தெரியும். ஆனால் அது என் கைக்குள் இருக்கிறதா, நான் அதன் கைக்குள் இருக்கிறேனா என்று கேட்டால் பதில் வராது. கமர்ஷியலுக்கு வெறும் மணிக்கணக்கு போதாது. பிரைவேட்டில் 45 டிகிரி சாய்வில் போட்ட திருப்பத்தை இங்கே 50-இல் போட வேண்டும். ஷாண்டெல் என்று ஒன்று: ஏறிக்கொண்டே 180 டிகிரி திரும்பி, இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் வேகத்துக்குச் சற்று மேலே முடிக்க வேண்டும். தரையில் இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொண்டு இறக்கை முனை அவற்றைவிட்டு நகராமல் எட்டுப் போடுவது இன்னொன்று. அதற்கான உயரம் தரைவேகத்தைப் பொறுத்தது. நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் உள்ள வேகத்தை வர்க்கமாக்கி 11.3-ஆல் வகுக்க வேண்டும். 100 நாட் என்றால் தரையிலிருந்து 885 அடி. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது ஏற வேண்டும், எதிர்க்கும்போது இறங்க வேண்டும். காற்றைக் கண்ணால் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த வாரம்தான்.

எனக்குப் பிடித்ததும் என்னைப் படுத்தியதும் பவர்-ஆஃப் 180. ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, இறங்க வேண்டிய புள்ளிக்கு நேராக வந்ததும் இன்ஜினை ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த ஓட்டத்துக்கு, இழுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பவர் கிடையாது. குறித்த புள்ளியிலோ அதைத் தாண்டி 200 அடிக்குள்ளோ சக்கரம் பட வேண்டும். முன்னால் பட்டால் தோல்வி. முதல் தேர்வில் நான் முன்னால்தான் போட்டேன், கார் நீளத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு வாரம் கழித்து மறுபடி போய்ப் பறந்து காட்டினேன். அந்த இரண்டு வாரத்தில் இன்ஜின் இல்லாமல் இறக்கிய 40 இறக்கங்கள்தான், இன்று என் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு புறப்படும்போது எனக்கு இருக்கும் தைரியம்.

வீட்டில் இதை வருமானத் திட்டமாகச் சொல்லாதீர்கள். உங்கள் மனைவி கணக்குப் போடத் தெரிந்தவர் என்று கடிதத்திலேயே தெரிகிறது, இரண்டு நிமிடத்தில் உடைத்துவிடுவார். இவ்வளவு ஆகும், இத்தனை மாதத்தில் பிரித்துச் செய்கிறேன், முடிந்தபின் நம் குடும்பத்தை ஏற்றிப்போகிறவனின் கை இன்னும் தேர்ந்திருக்கும், பிடித்தால் பயிற்றுநர் ஆவேன் என்று சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் இன்ஸ்ட்ருமென்ட்டோடு நிறுத்துங்கள். கமர்ஷியல் எங்கேயும் போகாது.

கடைசியாக, அடைப்புக்குறிக்குள் ஒரு சந்தேகம் கேட்டிருந்தீர்கள்: வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் பறந்த 400 மணி நேரம் 250-இல் சேருமா? சேராது. எஃப்ஏஏ அங்கீகரித்த பயிற்சிக் கருவியில், இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட்டால் 50 மணி வரை எடுத்துக்கொள்ள வழி உண்டு. அது உங்கள் கிளப்பில் இருக்கிறதா, மணிக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 170-ஐவிட நிச்சயம் குறைவாகத்தான் இருக்கும்.